கைக்கடக்கமான டார்ச்சும் என் பொறாமையும்

என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வெளியே கிளம்பும்போது பையில் என்னென்ன வைத்துக்கொள்கிறீர்கள்? என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூக்குக்கண்ணாடி, பிரஷர் மாத்திரை, குடை, வீட்டுச் சாவி, மகன் வாங்கிக் கொடுத்த போன். இந்த மழைக்காலத்தில் அதோடு ஒரு டார்ச்சும் சேர வேண்டும் என்று முடிவு செய்தேன். போனிலேயே வெளிச்சம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாகச் சரிவில் இறங்கும்போது மழைத்துளி பட்டால் அந்தத் திரை அதன் இஷ்டத்துக்கு எங்கெங்கோ போகிறது. போன மாதம் சாயங்காலம் எங்கள் சாலை வளைவில் ஆனை நின்றிருந்தது. வெளிச்சம் போடலாம் என்று போனை எடுத்தேன். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா கூப்பிட்டாள். போன் முருகன் பாட்டைப் பாடியது. ஆனை பொறுமையாகக் கொஞ்சம் கேட்டுவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது. அன்றைக்கே தீர்மானித்தேன்.

டார்ச் வாங்க அக்காவையும் கூட்டிக்கொண்டு மூணாறு பஜாருக்குப் போனேன். அக்கா எனக்கு நான்கு வயது மூத்தவள். நாற்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு பேரும் தொழிலாளர் வரிசை வீடான ஒரே லயத்தில், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள்தான். ஒருத்தி கூடை சுமக்கவும் ஒருத்தி சாக்பீஸ் பிடிக்கவும் போனது எப்படி என்று எங்கள் பிள்ளைகள்கூடக் கேட்டதில்லை. நான் அதைச் சொன்னதும் இல்லை.

கடைக்காரர் மேசைமேல் ஆறேழு டார்ச்சுகளை வரிசையாக வைத்தார். என் கை நேராக இருப்பதிலேயே பெரிய வெளிச்சம் தருவதற்குப் போனது. "இது எதிர்மலை வரைக்கும் அடிக்கும் டீச்சர்" என்று அவரும் தூக்கிக் கொடுத்தார். அக்கா அதை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"மஞ்சு மூட்டத்துக்குள்ள இத அடிச்சேன்னு வையி, முன்னால சுண்ணாம்பு அடிச்ச சுவரு நிக்கும். உன் காலு உனக்கே தெரியாது. எதிர்மலையில உனக்கு என்னட்டி வேல? காலடியப் பாத்து நட."

பிறகு அவளே பொறுக்கினாள். விரல் நீளம்தான் இருக்கும். வெளிச்சம் வெள்ளையாக இல்லாமல் கொஞ்சம் மஞ்சளாக இருக்க வேண்டும் என்றாள். பொத்தான் உள்வாங்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பைக்குள் சாவி பட்டுத் தானாக எரிந்து தீர்ந்துபோகும். உடம்பு வழவழவென்று இருக்கக் கூடாது, மழையில் நழுவும். முந்தானையில் செருகிக்கொள்ள ஒரு கவ்வி வேண்டும். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்தாள். "இருட்டுல கண்ணு பொத்தானத் தேடப்படாது. விரலு கண்டுபிடிக்கணும்" என்றாள். கடைக்காரர் என்னை விட்டுவிட்டு அவளிடமே பேச ஆரம்பித்தார்.

சிரிக்காதீர்கள். அறுபதைத் தொடப் போகிற வயதில், டார்ச் பொறுக்கத் தெரிந்தவளைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. அது எனக்குப் புதிதும் இல்லை.

அக்கா அந்தச் சின்ன டார்ச்சைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "மாமா குடுத்ததும் இந்த உசரந்தான் இருக்கும்" என்றாள். யாரோ தெரிந்தவர்களைப் பற்றிச் சொல்வதைப்போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் பணம் தேடுகிற சாக்கில் பைக்குள் குனிந்துகொண்டேன்.

அந்த டார்ச்சைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அக்கா பத்தாம் வகுப்பு. எங்கள் லயம் ஒரு சரிவில் இருந்தது. நடுவில் ஓடை. எதிர்ச்சரிவு சித்திரபுரம். அங்கேதான் அக்காவின் பள்ளிக்கூடமும் மின்சார போர்டுக்காரர்களின் குடியிருப்பும் இருந்தன. குடியிருப்பில் இரண்டு வரிசை வீடுகள், மேலே ஒன்று கீழே ஒன்று. பொழுது சாய்ந்ததும் அந்த இரண்டு வரிசையிலும் பல்பு எரியும். எங்கள் மலைத் தண்ணீரில்தான் கரண்டு எடுத்தார்கள். அது கம்பி வழியாக எங்கள் தலைக்கு மேலே எங்கெங்கோ போனது, லயத்துக்கு மட்டும் வரவில்லை. நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்து எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். நான் அந்த பல்புகளை எண்ணுவேன்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. கம்பளி காயவில்லை. வீட்டுக்குள் ஈரக் கம்பளி நாற்றமும் அடுப்புப் புகையும், காற்று திரும்பினால் பாக்டரியிலிருந்து வாடின இலையின் வாசமும். பத்தாம் வகுப்புக்குச் சாயங்காலம் தனி வகுப்பு வைத்தார்கள். அக்கா ஓடையைத் தாண்டி, தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறி வருவதற்குள் பொழுது மங்கிவிடும். அந்த நேரத்தில்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, கம்பம்மெட்டுப் பக்கம் ஏலக்காய் ஸ்டோரில் வேலை. அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் வீடே மணக்கும். அந்தச் சட்டைப்பையிலிருந்துதான் டார்ச்சை எடுத்தார்.

லயத்தில் டார்ச் பார்க்காதவர்கள் இல்லை. வாட்சர் ஒன்று வைத்திருந்தார், மூன்று பேட்டரிக் கட்டை போடுவது, உலக்கை மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. என் உள்ளங்கையில் வைத்தால் விரலை மடக்கி மூடிவிடலாம். வெள்ளி நிறம், உடம்பு முழுக்க மெல்லிய வரி, கண்ணாடியைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வளையம். உள்ளே இரண்டு சின்னக் கட்டைகள். பொத்தானைத் தள்ளினால் 'டிக்' என்று ஒரு சத்தம். மாமா அதை நேராக அக்காவிடம் நீட்டினார்.

"எனக்கு?" என்றேன்.

"உன் பள்ளிக்கூடம் லயத்துக்குப் பின்னாலதான இருக்கு. பட்டப்பகல்ல போயிட்டுப் பட்டப்பகல்ல வாற. உனக்கு எதுக்கு?" என்றார் மாமா. நியாயமான பேச்சுதான். நியாயமாக இருந்ததால் இன்னும் எரிந்தது.

அக்கா அதை ஒரு கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றி ஆணியில் மாட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை கட்டைகளை எடுத்து அடுப்பு மேட்டில் வைத்துச் சூடு காட்டுவாள், அப்படிச் செய்தால் இன்னும் நாலு நாள் வரும். எனக்குக் கிடைத்த வேலை அந்தக் கட்டைகளுக்குக் காவல் இருப்பது. ஒரு தடவை அவள் குளிக்கப் போன நேரத்தில் டார்ச்சை எடுத்துக் கம்பளிக்குள் புகுந்து, கண்ணாடியை உள்ளங்கையில் அழுத்தி எரியவிட்டேன். விரல்கள் எல்லாம் சிவப்பாக உள்ளே இருந்து எரிந்தன. எலும்பு தெரிகிறதா என்று தேடினேன். அக்கா வந்து கம்பளியை இழுத்தாள். அடிக்கவில்லை. "கட்ட தீந்துபோயிரும்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டாள். அடித்திருந்தால் அம்மாவிடம் சொல்லி ஒரு பஞ்சாயத்தாவது வைத்திருப்பேன்.

எங்கள் சரிவுகளில் ஒரு பழக்கம் இருந்தது. எதிர்க்கரைக்குப் போய்த் திரும்புகிறவர்கள், இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் விளக்கை இரண்டு தடவை காட்ட வேண்டும். 'சேந்தாச்சு' என்று அதற்குப் பேர். வழியனுப்பினவர்கள் அங்கிருந்து ஒரு தடவை திருப்பிக் காட்டுவார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இரண்டு பக்கமும் கதவைச் சாத்துவார்கள். பாதையில் ஆனையும் உண்டு, ஓடையில் வெள்ளமும் உண்டு. யாரும் இதை ஒரு பெரிய காரியமாகப் பேசுவதில்லை.

அக்காவுக்கு எதிர்க்கரையில் திருப்பிக் காட்ட ஆள் இருந்தது. அவளுடைய வகுப்புச் சிநேகிதி. பாலக்காட்டுச் சித்தூர்க்காரி. அவளுடைய அப்பா போர்டு வேலையில் மாற்றலாகி வந்தவர். கீழ் வரிசையில் வீடு. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்துக்கு வந்தாள். அம்மாவைப் பார்த்து, "ஏனுங்கத்தே, நல்லாருக்கீங்ளா" என்றாள். லயத்தில் எங்களை யாரும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அம்மா சேலையைச் சரி செய்துகொண்டாள். அன்று முழுக்க அக்காவும் அவளும் விறகுக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் மூன்று தடவை ஏதேதோ சாக்கில் போய் நின்றேன். மூன்று தடவையும் பேச்சு நின்றுபோனது. நான் திரும்பி நடந்ததும் சிரிப்பு கேட்டது.

அக்கா என்னோடு அப்படிச் சிரித்ததில்லை. என் தலை வாரிவிடுவாள், பேன் எடுப்பாள், காய்ச்சலில் கஞ்சி ஊட்டுவாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது அந்தச் சித்தூர்க்காரியோடு மட்டும்தான். அப்போது எனக்கு அந்த டார்ச் மேல்தான் ஆசை என்று நினைத்திருந்தேன்.

தினமும் சாயங்காலம் தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, லயத்துக்குக் கீழே இருக்கிற பாறை வரை போய் அக்காவுக்காக நிற்பேன். அவள் மூச்சு வாங்க ஏறி வருவாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் பாறைமேல் ஏறி எதிர்க்கரையைப் பார்த்து இரண்டு தடவை டிக், டிக். அங்கிருந்து ஒன்று. அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்புவாள், முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருக்கும். நனைந்துகொண்டு காத்து நின்றவள் நான்.

பள்ளத்தில் மஞ்சு ஏறி நிற்கும் நாட்களில் கீழ் வரிசை வீடுகள் மறைந்துபோகும். அன்றைக்குப் பதில் மேல் வரிசையிலிருந்து வரும். "கீழ நின்னா எனக்குத் தெரியாதுன்னு மேல் படிக்கு ஏறி வந்து அடிக்கா பாரு" என்று அக்கா பெருமையாகச் சொன்னாள். அந்த மேல் படிக்குப் பக்கத்தில்தான் கல்யாணமாகாத ஆட்கள் தங்குகிற நீளக் கட்டடம் இருந்தது. லயத்துப் பெண்கள் அந்தக் கட்டடத்தைப் பற்றி எப்போதும் குரலைத் தாழ்த்தியே பேசுவார்கள்.

ஒருநாள் சாயங்காலம் அப்பா பாக்டரியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா தினமும் எதிர்க்கரைக்கு வெளிச்சம் அடிக்கா" என்றேன்.

"சேந்தாச்சுன்னு காட்டுவா."

"அங்கனருந்தும் அடிக்காக. மேல் வரிசையில இருந்து."

அப்பா கால் கழுவுவதை நிறுத்தினார்.

மறுநாள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பாறைக்குக் கொஞ்சம் மேலே ஒரு மரத்தின் பின்னால் நின்றார். பள்ளம் நிறைய மஞ்சு. கீழ் வரிசை இல்லவே இல்லை, மேல் வரிசை பல்புகள் மட்டும் அந்தரத்தில் நின்றன. அக்கா வந்தாள். பாறையில் ஏறி இரண்டு தடவை காட்டினாள். மேலிருந்து ஒரு வெளிச்சம் பதில் சொன்னது. அதோடு நிற்காமல், வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றியது. விளையாட்டுக்குச் செய்தது. பழக்கத்தில் அப்படிக் கிடையாது. அக்கா தனியாக நின்று சிரித்தாள். அப்பாவின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது.

"அது அந்தப் பயலுக இருக்கிற கட்டடந்தான?" என்று என்னிடம் கேட்டார்.

யார் அடிக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. "ஆமா" என்றேன்.

அப்பா கத்துகிற மனிதர் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காவின் கழுத்திலிருந்து டார்ச்சைக் கயிற்றோடு கழற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். விடிந்ததும், "இன்னையில இருந்து பெரட்டுக்கு வா" என்றார். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடம் அது. அக்காவுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது.

"ஏம்ப்பா?"

"வெளிச்சம் அடிச்சு வெளையாண்டது போதும்."

"அது அவதாம்ப்பா. என்கூடப் படிக்கிறவ."

"என் கண்ணால பாத்தேன்" என்றார் அப்பா. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மாவுக்கு அப்போது எட்டு மாசம், தம்பி வயிற்றில் இருந்தான். அக்கா பள்ளிக்கூடப் பாவாடையின் மேலேயே அம்மாவின் பழைய சாக்கைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். கூடைப் பட்டை அவள் நெற்றிக்குப் பெரிதாக இருந்தது. ஒரு துணியை மடித்து வைத்து இறுக்கினாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இலை வெட்டின விரல்களில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே தினமும் என்னிடம் சொல்வாள். "அவ வருவாட்டி. நான் ஏன் வரலன்னு பாக்க வருவா. வந்து அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வெளியாளு சொன்னா அப்பா கேப்பாரு." ஒரு வாரம் சொன்னாள், இரண்டாவது வாரமும் சொன்னாள்.

அவள் சொன்னது சரி. சிநேகிதி வந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம். நல்ல மழை. அக்காவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். அம்மா உள்ளே படுத்திருந்தாள். நான் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். ஓலைக்குடை பிடித்துக்கொண்டு, பாவாடை முழங்கால் வரை நனைந்து, அந்தச் சித்தூர்க்காரி தனியாக ஓடையைத் தாண்டி வந்திருந்தாள். மார்போடு ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை அணைத்திருந்தாள்.

"ஏங்கண்ணு, உங்கக்கா ஊட்டுல இல்லீங்ளா? ஏன் பள்ளிக்கொடத்துக்கு வாரதில்ல? நெம்ப சொகமில்லீங்ளா?"

என்னிடம் கூட அவள் 'ங்க' போட்டாள். நான் முறத்தைக் கீழே வைத்தேன். உள்ளே போய் அம்மாவை எழுப்பியிருக்கலாம். அப்பா வரும்வரை உட்காரச் சொல்லியிருக்கலாம். மேல் படியில் நின்றது தான்தான் என்று அவளே அப்பாவிடம் சொல்லியிருப்பாள். திங்கட்கிழமை அக்கா பள்ளிக்கூடம் போயிருப்பாள், டார்ச் மறுபடி அவள் கழுத்துக்குப் போயிருக்கும், இவர்கள் இரண்டு பேரும் மறுபடி சிரித்திருப்பார்கள். இது அத்தனையும் எனக்கு அப்போதே தெரிந்தது. பதினொரு வயதுக்கு என்ன தெரியும் என்று எனக்காகப் பேச வராதீர்கள்.

"அக்கா இனிமே உங்ககூடப் பேச மாட்டாளாம்" என்றேன். "உங்களப் பாக்கவே புடிக்கலையாம்."

"நெசமாலுமா கண்ணு?"

"ஆமா."

அவள் கொஞ்ச நேரம் ஓட்டிலிருந்து ஒழுகுகிற தண்ணீருக்கு அந்தப் பக்கமே நின்றாள். பிறகு பொட்டலத்தை நீட்டினாள். "இதயாச்சும் குடுத்துருங்க" என்றாள். மூன்று நோட்டுகள். அக்கா வராத நாட்களின் பாடங்களை அவள் கையாலேயே எழுதியிருந்தாள், தலைப்புகளுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள். நான் அவற்றை விறகுக் குவியலில் செருகினேன். நாலு நாளில் நனைந்து ஒட்டிக்கொண்டன. பிறகு அம்மா பார்க்காத நேரத்தில் அடுப்பில் வைத்தேன். ஈரத் தாள் லேசில் எரியாது, நிறையப் புகைந்தது.

அக்கா மூன்றாவது வாரம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஓணப் பரீட்சைக்கு முன்னால் சிநேகிதியின் அப்பாவுக்கு மறுபடி மாற்றல் வந்து பாலக்காட்டுக்கே போய்விட்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்டதும் அக்கா சொன்னது இவ்வளவுதான்: "போறதுக்கு முந்தியாச்சும் ஒரு எட்டு வந்து பாத்தாளா பாரு."

மறு வருஷம் நான் எதிர்க்கரைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அப்பா தகரப் பெட்டியைத் திறந்து டார்ச்சை என் கையில் கொடுத்தார். புதுக்கட்டை போட்டிருந்தார். ஆசைப்பட்டது வந்துவிட்டது. முதல் நாள் சாயங்காலம் திரும்பும்போது அந்தப் பாறையில் ஏறி நின்று இரண்டு தடவை காட்டினேன். எதிர்க்கரையில் இரண்டு வரிசை பல்புகளும் எரிந்துகொண்டிருந்தன. அந்த வீடுகளில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. இன்னும் இரண்டு தடவை காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அக்கா வாசலில் உட்கார்ந்து காலில் ஏறின அட்டையைச் சுண்ணாம்பு வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். நான் எட்டாவது படிக்கும்போது கட்டை உள்ளேயே ஊறி உப்பிக்கொண்டு டார்ச் பாழாகிவிட்டது. அதை எங்கே போட்டோம் என்று நினைவில்லை.

இனி மூணாறு பஜாருக்கு வருகிறேன். அக்கா பொறுக்கிய டார்ச்சையே வாங்கிக்கொண்டு, பக்கத்தில் சாயாக்கடையில் உட்கார்ந்தோம். நான் அவளை அன்றைக்குக் கூட்டிப் போனதற்கு டார்ச் மட்டும் காரணம் இல்லை. எங்கள் பழைய பள்ளிக்கூடத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. பத்தாவது முடிக்காதவள் என்று அக்கா அதில் சேரவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் யாரோ ஒரு புது எண்ணைச் சேர்த்தார்கள். அந்த எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. பாலக்காட்டுச் சித்தூரில் இருப்பதாகவும், எங்கள் எஸ்டேட் லயத்திலிருந்து வந்து தன்னோடு படித்த ஒரு பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று யாருக்காவது தெரியுமா என்றும் கேட்டிருந்தாள். அக்காவின் பெயரைப் போட்டுத்தான் கேட்டிருந்தாள். மூன்று வாரமாக அந்தச் செய்தியைத் தினமும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டிருந்தேன்.

சாயா வந்தது. நான் முதலில் அந்த 'ஆமா'வைச் சொன்னேன். மரத்துக்குப் பின்னால் நின்றது, அப்பா கேட்டது, நான் பதில் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டாள்.

"உன் பேச்சக் கேட்டா அப்பா என்ன நிறுத்துனாருன்னு நினைக்க?" என்றாள். "அம்மா வயித்துப் பிள்ளையோட இருந்தா. என் பேர வேலைக்கு எழுதிரலாம்னு கங்காணி ஒரு மாசமா கேட்டுக்கிட்டே இருந்தாரு. அப்பாவுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்துச்சு. நீ இல்லன்னா வேற எவளாச்சும் ஆமா போட்டுருப்பா. அத நான் எப்பவோ விட்டாச்சு."

நாற்பத்தெட்டு வருஷமாக நான் தூக்கிச் சுமந்ததை அவள் சாயாக் குவளையோடு சேர்த்துக் கீழே வைத்துவிட்டாள். எனக்கு நிம்மதி வர வேண்டும். வந்தது கோபம். என் பாவத்தைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றேன். சனிக்கிழமையைச் சொன்னேன்.

அக்கா குடிப்பதை நிறுத்தினாள்.

"வந்தாளா?"

"வந்தா."

"அந்த மழையிலயா?"

"ஆமா."

"நோட்டு எழுதிக்கிட்டு வந்தாளா?"

"மூணு நோட்டு."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். மேசையில் சிந்திக் கிடந்த சாயாவை ஒற்றை விரலால் இழுத்து இழுத்துக் கோடு போட்டாள். "நாப்பத்தெட்டு வருஷமா அவள ஏசிக்கிட்டுக் கெடந்திருக்கேன். என் மகளுக்கு ஒரு சிநேகிதி வந்தா, வீட்டுக்குள்ள விடாத, கூட்டு எல்லாம் பொய்யின்னு சொல்லிச் சொல்லி வளத்தேன். அவளுக்கும் இன்னைய வரைக்கும் ஒரு சிநேகிதி கெடையாது." அதற்குப் பிறகும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "போனப் போடு. நீயே சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு."

போட்டேன். எடுத்த குரல் கிழவியின் குரல். நான் யார் என்று சொன்னதும், "அந்தச் சின்னப் புள்ளயா கண்ணு" என்றது. அக்கா எதிரே உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். அக்கா பேச மாட்டாள் என்றது பொய், அவளிடம் நான் எதையும் சொல்லவே இல்லை, நோட்டை எரித்தேன், பொறாமையில் செய்தேன். பிறகு, "உங்கக்கா பக்கத்துல இருக்குதுங்ளா?" என்று கேட்டாள். "இருக்கா" என்றேன். "குடுங்க."

அக்கா போனை வாங்கிக்கொண்டு கடைக்கு வெளியே போய்த் தகரச் சாய்ப்பின் கீழே நின்றாள். மழையில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முதலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. எழுந்து போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது முந்தானையை எடுத்தாள். ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை வைத்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள். முக்கால் மணி நேரம் பேசினாள். என் சாயாவில் ஆடை படிந்துவிட்டது.

திரும்பி வந்து போனை என் முன்னால் வைத்தாள். "ஆவணியில அவ பேத்திக்குக் காதுகுத்தாம். வரச் சொல்லுதா. போறேன்."

"நானும் வரட்டா அக்கா?"

கொஞ்சம் யோசித்தாள். "நீ வர வேண்டாம்டி" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பள்ளிவாசல் வளைவுகளில் என் தோள் அவள் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. அவளுக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு, இடையிடையே தனக்குள் சிரித்துக்கொண்டு வந்தாள். என்ன நினைத்துச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, கேட்கிற உரிமையும் இல்லை. உங்களிடம் சொல்வதற்கு என்ன வெட்கம். அத்தனையும் சொல்லி முடித்த அந்த நேரத்திலும், இப்போதைய முகம்கூடத் தெரியாத அந்தச் சித்தூர்க் கிழவி மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.